சைக்கிள் எந்தப் பாதைக்கு?

என் சுகந்திக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் எனக்குப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும். உன் முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் முடிந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனமெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. அன்றிலிருந்து கெலிஓயா வீடு மறுபடியும் எனக்கும் மகளுக்கும் பெரிதாகிக் கிடந்தது.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். "வீட்டுக் கதையை ஏன் ரோட்டில வைக்கிறியள்?" என்பாய். உன்னைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் நீ வார்டில் எப்படிப்பட்ட நர்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் நீ எப்படிப்பட்ட வாயாடி என்று சொல்ல நான் ஒருவன்தானே மிச்சம்.

முதலில் நல்ல செய்தி. நம் பிரவீணா கெம்பஸ் போகிறாள். பேராதனை, விவசாய பீடம். செய்தி வந்த அன்று அவள் முதலில் என்னிடம் சொல்லவில்லை. உன் நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். என் அலுமாரிக்குள் உன் போன் சத்தம் போட்டது. அதை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அலுமாரிக்கு முன்னால் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதோம். பிறகு அவளே போய்த் தேத்தண்ணீர் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சைக்கிள் பிரச்சினை.

காலையில் கம்பளையிலிருந்து வருகிற பஸ் எப்படி வரும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கெலிஓயாவுக்கு வரும்போதே மிதிபலகையில் ஆள் தொங்கும். நீ எத்தனை நாள் வெள்ளைச் சீருடை கசங்க அதில் போயிருக்கிறாய். ஆட்டோவில் தினமும் போக என் சம்பளம் காணாது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரவீணா சொன்னாள், "அப்பா, எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தாங்க. விலை கூடினது வேணாம். நான் வீட்டில இருந்தே போய் வாறேன்."

அவளுடைய சிநேகிதி அஸ்பாவை உனக்கு நினைவிருக்கும், மடவளைப் பிள்ளை, உன் கையால் புட்டு சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டவள். அவளும் இன்னொரு பிள்ளையும் கெம்பஸுக்கு மேலே ஹிந்தகலையில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். மூன்று கட்டில் போட்ட போடிங். பிரவீணாவையும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இவள் ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சைக்கிளுக்கு நான் உடனே சம்மதித்ததற்கு ஒரே காரணம், அவள் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதுதான். குசினியில் இன்னொரு ஆள் நடமாடுகிற சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

சரி, சைக்கிள் வாங்குவோம். ஆனால் யார் வாங்குவது? நான் கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் கல்லுப்படிதான். சைக்கிள் என்ற சாமானைக் கங்காணி வீட்டுச் சுவரில் சாத்தி வைத்துப் பார்த்ததோடு சரி. வகுப்பில் பிள்ளைகளுக்கு உராய்வும் கப்பியும் படிப்பிக்கிறேன், கரும்பலகையில் அழகாகச் சைக்கிள் படமும் கீறுவேன். ஏறி உட்காரச் சொன்னால் விழுந்துவிடுவேன்.

இதில் நிபுணி நீதான். கலியாணம் முடிந்து முதல் முறை உங்கள் ஊருக்குப் போனபோது நீ என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாயே, மறந்திருக்க மாட்டாய். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு மேலால் ஒரு மாமி எட்டிப் பார்த்து, "எடியே, மாப்பிள்ளையை ஏத்திக்கொண்டெல்லோ வாறாள்!" என்று ஊருக்கே அறிவித்தார். நீ வெட்கப்படவே இல்லை. இன்னும் வேகமாக மிதித்தாய். எனக்குத்தான் காது சிவந்தது.

செய்தி எப்படியோ உன் அண்ணாவுக்குப் போய்விட்டது. அடுத்த நாளே போன்.

"மச்சான், ஏன் வீணாக் காசைக் கொட்டுறியள்? தங்கச்சியின்ர சைக்கிள் இஞ்ச சும்மாதானே நிக்குது. என்ன மாதிரிச் சாமான் அது! நான் பஸ்ஸில போட்டு விடுறன்."

"இங்க ஏத்தம் இறக்கம் மச்சான், அது சரி வருமா?" என்றேன்.

"சைக்கிள் எண்டால் எங்கையும் ஓடும். ஏத்தம் எண்டால் கொஞ்சம் உழக்கிறது, அவ்வளவுதானே" என்றார். மட்டமான தரையில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறுகிற ஏற்றம்தான். உங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான், யாழ்ப்பாணத்துச் சைக்கிள் இமயமலையும் ஏறும் என்பீர்கள்.

வந்து இறங்கியது. அண்ணா துடைத்து, புது டயர் போட்டு, பெல்லும் மாற்றி அனுப்பியிருந்தார். நான் அதைத் தொட்டபோது மனம் என்னவோ செய்தது. சண்டையில் இடம்பெயர்ந்த நாளில் கரியரில் அரிசி மூட்டையும் ஹெண்டிலில் கேத்திலுமாக நீ உருட்டிக்கொண்டு நடந்த சைக்கிள் அது. அம்மாவின் சைக்கிளில் மகள் கெம்பஸ் போகிறாள் என்று என் மனதுக்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது. என்ன அழகு! நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பிரவீணா ஏறினாள். சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நீ ஓடப் பழக்கியிருந்தாயே, ஓட்டம் மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற நம் ஒழுங்கையில் மேலே ஏற முடியவில்லை. நின்றபடி மிதித்துப் பார்த்தாள், இறங்கித் தள்ளினாள். அந்த இரும்பு என்ன கனம் என்கிறாய்! சரி, இறக்கத்தில் பார்க்கலாம் என்று திருப்பினாள். பிரேக்கைப் பிடித்தாள், அது பிடிக்கவில்லை. "அப்பா!" என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நந்தா அக்காவின் வேலியை உடைத்துக்கொண்டு, பொன்னாங்காணிப் பாத்திக்குள் சைக்கிளும் பிள்ளையும்.

"அனே துவே!" என்று, ஐயோ மகளே எனச் சிங்களத்தில் கூவிக்கொண்டு நந்தா அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். பிள்ளையின் முழங்காலைக் கழுவிவிட்டு, கீரை போனது போகட்டும் என்று எனக்கும் ஆறுதல் சொன்னார். நான் கீழே எட்டிப் பார்த்தேன். ஒழுங்கையின் அடியில் பெரிய பாதை. வேலி நல்ல இடத்தில் இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

அண்ணாவுக்குப் போன் பண்ணி, பிரேக் இல்லையே மச்சான் என்றேன். அவர் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னார், "பிரேக்கோ? இஞ்ச ஒருத்தரும் பிரேக்குக்கு வேலை குடுக்கிறேல்லையே மச்சான். காலை ஊண்டுவம்." எனக்குக் கோபம் வர வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. பிரவீணாவும் காலில் மருந்தோடு சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள், "அப்பா, இது அம்மாவின்ர சைக்கிள்தான். ஆனா இது அம்மாவின்ர ஊருக்குச் செய்தது." அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அண்ணாவின் சின்ன மகள் இப்போது அதில்தான் டியூசன் போகிறாளாம். படம் அனுப்பினாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், உன் சாயல்.

அந்தச் சைக்கிளை அனுப்பிய அன்று என் மனம் எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். உன்னை இரண்டாம் முறை வழியனுப்பிய மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். அஸ்பாவின் சாச்சா, அவளுடைய வாப்பாவின் தம்பி, அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ரிஸ்வான் என்று பெயர். ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த சைக்கிள்களைத் திருத்தி விற்கிறார், புதுசும் இருக்கிறது. அஸ்பாவும் வந்திருந்தாள்.

போகும் முன்னே நான் மனதுக்குள் தயாராகிக்கொண்டேன். ஏமாந்துவிடக் கூடாது என்று கடையில் ஒவ்வொரு சைக்கிளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தால் உறுதி என்பது என் கணக்கு. எங்கள் ஊரில் கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பார்ப்பதுபோல. பிரவீணா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அப்பா, கனம் கூடினா நான்தான் இழுக்கணும்" என்றாள். பிறகு அவளே பார்த்தாள். இருக்கையில் உட்கார்ந்து கால் நிலத்தில் படுகிறதா, பிரேக் இரண்டும் பிடிக்கிறதா, மழைக்கு மட்காட் இருக்கிறதா, புத்தகம் வைக்கக் கூடை இருக்கிறதா. நான் பளபளவென்று சிவப்பில் நின்ற ஒன்றைக் காட்டினேன். "அது படம் எடுக்கத்தான் நல்லம் அப்பா" என்றாள். பாதி வாய் உன்னுடையது.

ரிஸ்வான் பொறுமையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் தோற்றுப்போய், எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"அப்படிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல சேர்? எல்லாம் நல்லந்தான். மகள் எந்த ரோட்டுல ஓடப் போற? அதச் சொல்லுங்க முதல்ல."

"கெலிஓயாவில இருந்து, கம்பளை ரோட்டால" என்றாள் பிரவீணா உடனே.

அவர் ஒரு கறுப்புச் சைக்கிளை இழுத்து வெளியே விட்டார். தடித்த டயர், அகன்ற ஹெண்டில். "அந்த ரோட்டுக்கெண்டா இதுதான். பஸ்காரன் ஒதுக்கினா தார விட்டுக் கீழ எறங்கோணும். அதுக்கு இது தாங்கும். பாரம்தான், என்ன செய்ய." பிரவீணா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஓடிப் பார்க்கப் போனாள்.

அப்போதுதான் அஸ்பா என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல நினைத்துத் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், கோவிக்க வாணாம். பிரவீணா சொல்ல வாணாம் எண்டுதான் சொன்ன. அந்த மூணாவது கட்டில் இன்னும் சும்மாதான் ஈக்குது. நாங்க ஒத்தருக்கும் குடுக்கல்ல."

"அவ வரமாட்டேன்னு சொல்லிட்டாளே அம்மா" என்றேன்.

"வர விருப்பம் அங்கிள். எல்லாம் இங்கிலிஷ்ல படிக்கோணும், ராவைக்கு ஒண்டா இருந்து படிச்சாத்தான் வெளங்கும் எண்டு அவதான் எங்களுக்கே சொன்ன. புறகு உங்கள நெனச்சு வாணாம் எண்ட." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் சாச்சாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சுகந்தி, எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளை அந்தக் கறுப்புச் சைக்கிளைப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து வந்தாள். ஒவ்வொரு நாளும் இதே முகத்தோடு, லொறிகளுக்கும் பஸ்களுக்கும் ஓரமாக, வகுப்பு முடிந்ததும் முடியாததுமாக, நான் தனியாக இருப்பேனே என்று ஓடி வரப்போகிறாள். அதற்குத்தான் நான் உறுதியான சைக்கிள் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் வந்து இறங்கினாள். "பரவாயில்லை அப்பா, இதையே எடுப்பம்" என்றாள்.

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். "அது வேணாங்க. ஹிந்தகலை ஏத்தத்துக்கு ஒண்ணு எடுங்க. அங்கயிருந்து கெம்பஸுக்குத்தான் புள்ள ஓடப்போகுது" என்றேன்.

பிரவீணா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிஸ்வானுக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்கு உள்ளே போய் ஒரு ஜப்பான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வெளிறிய நீலம், மெல்லிய டயர், கியர் வைத்தது, முன்னால் கூடை. "இதுல கம்பளை ரோட்டுல தினம் போக வாணாம் சேர், டயர் தாங்காது. ஏத்தத்துக்கெண்டா பூ மாதிரி போகும்" என்றார். விலையும் கறுப்பைவிடக் குறைவுதான்.

அவள் ஏறினாள். அதே ஒழுங்கையில் மேலே போனாள். கியரை மாற்றினாள் போலிருக்கிறது, நடுவில் ஒரு இடத்தில் சைக்கிள் இலேசானது தெரிந்தது. திரும்பி இறங்கி வரும்போது வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு வந்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கம்தான் என் நெஞ்சில் குத்தியது.

காசைக் கொடுத்து, சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் தொடங்கினாள். பசி வந்தால் என் தமிழ், கோபம் வந்தால் உன் தமிழ் அவளுக்கு.

"என்னைக் கேக்காமல் ஏன் சொன்னனீங்கள்? நான் போனால் நீங்கள் ஆரோட சாப்பிடுவியள்?"

"தனியாத்தான் சாப்பிடுவேன். பழகிக்கிறேன்."

"பொய் சொல்லாதேங்கோ."

"ஆமாம்மா, பொய்தான். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"நான் இஞ்சயே இருப்பன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

"நீ எனக்காக இங்கயே இருந்தா நான் நல்லா இருந்துடுவேன், பிரவீணா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அப்புறம் உன்ன எப்பவுமே விடமாட்டேன்."

அவள் கதிரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு அதட்டு அதட்டி, முகம் கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்பாய். கொஞ்ச நேரத்தில் அவளே எழும்பி, "சோறு போடவா?" என்று என் தமிழில் கேட்டாள். அப்போது எனக்குத் தெரிந்தது, போவாள் என்று.

உன்னிடம் கேட்க வேண்டும் என்று ஒன்று கிடக்கிறது. நர்ஸ் படிப்புக்காக உன்னைக் கண்டிக்கு அனுப்பினாரே உன் அப்பா, தனியாக, அந்தக் காலத்தில், அந்த நிலைமையில். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு அவர் என்ன செய்தார்? நேராக வீட்டுக்குப் போனாரா? அன்று இரவு சாப்பிட்டாரா? இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. இப்போது எனக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது, சொல்ல ஆளில்லை.

போடிங்கைப் போய்ப் பார்த்துவிட்டேன், பயப்படாதே. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. தண்ணீர் வருகிறது, யன்னல் கொண்டி இறுகுகிறது, நானே இழுத்துப் பார்த்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, போனாள். ரிஸ்வான் தன் வேனில் சைக்கிளைக் கெம்பஸ் பக்கத்துக் கலஹாச் சந்திக்குக் கொண்டுவந்து தந்தார். பை, தலையணை, வாளி எல்லாம் வேனில் அஸ்பாவோடு முன்னால் போயின. நானும் மேலே போடிங் வரைக்கும் போனால் தலையணை சரியில்லை என்று ஏதாவது சொல்லி நேரத்தைக் கடத்துவேன் என்று எனக்கே தெரிந்ததால், பாதையிலேயே நின்றுகொண்டேன். நான் பிறந்த தோட்டத்துக்குப் போகிற அதே பாதைதான். பிரவீணா என் சேர்ட்டின் கொலரைச் சரிபண்ணிவிட்டாள். உன் பழக்கம். "வெள்ளிக்கிழமை வாறேன் அப்பா" என்றாள். சரி என்றேன்.

ஏறி மிதித்தாள். மரங்களுக்குக் கீழால் போனாள். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கியரை மாற்றி, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, சுகந்தி. ஏற்றத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சைக்கிள் ஆடிவிடும் என்று ரிஸ்வான் சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் அதைக் கேட்டு நடந்தது நல்லதாகப் போயிற்று. திரும்பிப் பார்த்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருப்பாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் அவளைக் கூப்பிட மாட்டேன். காய்ச்சல் என்று சொல்லிக் கூப்பிட மாட்டேன், மழை என்று சொல்லிக் கூப்பிட மாட்டேன், உன் பெயரைச் சொல்லியும் கூப்பிட மாட்டேன். அவளாக வருகிற நாளில் கதவு திறந்திருக்கும், சோறு சூடாக இருக்கும்.

நேற்றிரவு ஒரு ஆளுக்கு அரிசி போட்டேன். கை தவறிக் கூடிவிட்டது. இன்றைக்குச் சரியாகப் போடுவேன்.

உன் கணவனும்
நம் பிள்ளையின் அப்பாவுமான
செல்வராஜ்